கல்லோடு கரையேறியவர்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரப் பெருமானையும் பெரியநாயகி அம்மையையும் தரிசித்துவிட்டுப் பிராகாரத்தில் சற்று அமர்ந்து இளைப்பாறும் முதியோர்களின் பேச்சில், ஒரு சொல் மட்டும் அடிக்கடி வந்து விழும். "போன பிறவியில் என்ன பாவம் செய்தேனோ!" ஒருவருக்கு முழங்கால் நோவு. மற்றொருவருக்குக் கண்ணில் புரை. வேறொரு மூதாட்டிக்கு உடல் நோய் ஏதுமில்லை. ஐம்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மக்கள் தொலைதேசத்தில் இருக்கிறார்கள். நோவு வேறு வேறாக இருந்தாலும் புலம்பல் ஒன்றே. எல்லாம் வினைப்பயன் என்று பெருமூச்சு விட்டு எழுந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

வினைப்பயன் என்பது உண்மைதான். நம் ஆன்றோர் அதனை ஒருபோதும் மறுத்ததில்லை. ஆயினும் அந்தச் சொல்லைப் பெருமூச்சோடு முடித்துவிடுவதற்காகவா அவர்கள் நமக்குத் தந்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இதே ஊரில், ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன், பொறுக்கவொண்ணாத வயிற்று நோயால் துடித்த ஒருவர் இருந்தார். வினை என்றால் என்ன என்று பிறருக்குப் போதிக்கும் நிலையில் இருந்தவர் அவர். அவருடைய வாழ்வு எவ்வாறு திரும்பியது, திரும்பியது எவ்வாறு இறுதிவரை நிலைத்தது என்று பார்த்தால், வினையைப் பற்றி நம்மிடம் இருக்கும் அச்சத்தில் பாதியேனும் குறையக்கூடும்.

பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் பிறந்த இருவர், திலகவதியாரும் மருள்நீக்கியாரும். தமக்கையாருக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது, பல்லவ மன்னனின் படைத்தலைவராகிய கலிப்பகையாருக்கு அவரை மணம் பேசினர். திருமணம் நிகழுமுன் தந்தையார் நோயுற்று மறைந்தார். கணவரின் பிரிவைத் தாங்காமல் தாயாரும் உடன் உயிர்நீத்தார். போர்முனைக்குச் சென்ற கலிப்பகையாரும் மீளவில்லை. மூன்று சாவுகள், ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு சிறுமியின் தலையில். தாமும் உயிர் துறக்கத் துணிந்த அவரைத் தடுத்தது தம்பியின் அழுகை. 'நீங்கள் இறந்தால் உங்களுக்கு முன்பே நான் இறப்பேன்' என்று காலில் விழுந்த அச்சிறுவனுக்காக அவர் உயிர் தாங்கினார்.

திலகவதியார் அந்த வயதில் 'என்ன பாவம் செய்தேனோ' என்று கேட்டிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சேக்கிழார் பெருமான் அப்படி ஒரு சொல்லையும் அவர் வாயில் வைக்கவில்லை. அவர் செய்த வேலைகளைத்தான் அடுக்கிச் சொல்கிறார். கெடிலக் கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து அங்கொரு திருமடம் அமைத்துக்கொண்டார் அம்மையார். விடியுமுன் எழுந்து திருக்கோயிலைத் துடைப்பம் கொண்டு பெருக்கினார். சாணநீர் தெளித்து மெழுகினார். மலர் பறித்து மாலை தொடுத்தார். நேற்று செய்ததையே இன்று, இன்று செய்ததையே நாளை. அந்த நாளில் ஊரார் அதைப் பெரிய தவமென்று மதித்திருப்பார்களா என்பதுகூட ஐயமே.

தம்பியின் வழி வேறாக இருந்தது. பெற்றோர் விட்டுச் சென்ற செல்வத்தை அறச்சாலைகளுக்கும் தண்ணீர்ப் பந்தல்களுக்கும் செலவிட்டார் மருள்நீக்கியார். நிலையாமையை எண்ணி மெய்ந்நெறியைத் தேடியவர், அந்நாளில் பாடலிபுத்திரம் என வழங்கிய இத் திருப்பாதிரிப்புலியூரை அடைந்து சமண சமயத்தில் சேர்ந்தார். அது அப்போது பெரிய கல்விக் களம். சர்வநந்தி என்னும் சமண முனிவர் 'லோகவிபாகம்' என்ற நூலைக் கி.பி. 458-இல் எழுதிய பாடலிகா என்பது இவ்வூரே என்று ஆய்வாளர் கூறுவர். மருள்நீக்கியார் அங்கே கற்றுத் தேர்ந்து தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் பெற்றார். ஒன்றை இங்கே நடுநிலையோடு சொல்ல வேண்டும். வினையைச் சமணரைப் போல் நுட்பமாக ஆராய்ந்தவர் சிலரே. வினை உயிரோடு எப்படி ஒட்டுகிறது, எத்தனை வகைப்படுகிறது, எதனால் உதிர்கிறது என்றெல்லாம் அவர்கள் வகுத்து வைத்திருந்தார்கள். ஆகவே தருமசேனருக்கு வினையைப் பற்றிய அறிவில் குறைவு இருந்திருக்காது.

அப்படிப்பட்டவருக்குத்தான் சூலை நோய் வந்தது.

குடலைப் பற்றி முறுக்கும் அந்நோயின் முன்னே மந்திரமும் மயிற்பீலியும் மந்திரித்த நீரும் பயன்படவில்லை. உடனிருந்த முனிவர்களும் தம்மால் ஆகாதென்று கைவிட்டனர். அறிவும் பதவியும் புகழும் படுக்கையருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அந்த வேளையில் அவருக்கு நினைவு வந்தது திருவதிகையில் துடைப்பத்தோடு நிற்கும் தமக்கையார்தான். தமக்கு உணவு சமைப்பவனை இரவோடு இரவாக அவரிடம் அனுப்பினார்.

தமக்கையார் என்ன செய்தார் என்பது இவ்வரலாற்றில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம். ஓடோடி வரவில்லை. 'அவ்விடத்துக்கு நான் வருவதற்கில்லை' என்று சொல்லி அனுப்பிவிட்டார். தம்பிக்காகவே உயிர் தாங்கிய அம்மையாருக்கு இரக்கம் இல்லையென்று எவரும் எண்ண முடியாது. அவருடைய இரக்கம் சற்று ஆழமானது. அவன் நடக்க வேண்டிய வழியை அவனே நடந்தாக வேண்டும் என்பதை அறிந்த இரக்கம் அது. பிள்ளைகளுக்காகவும் பேரப்பிள்ளைகளுக்காகவும் எல்லாச் சுமையையும் தாமே சுமந்துவிட முடியுமென்று எண்ணித் தளரும் பெரியோர்கள் இவ்விடத்தில் சற்று நின்று போகலாம்.

தருமசேனர் எழுந்தார். பாயையும் கமண்டலத்தையும் பீலியையும் விட்டொழித்து, வெள்ளாடை உடுத்தி, கைகொடுப்பார் மேல் ஊன்றிக்கொண்டு, யாரும் அறியாதபடி இரவில் நடந்தார் என்கிறது பெரியபுராணம். இன்று பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் 25 கிலோமீட்டர் தொலைவுதான். குடல் முறுக்கும் நோவோடு அதனை இருளில் நடந்தவருக்கு அது எத்தனை காதம்! திருவதிகையில் தமக்கையாரின் காலடியில் விழுந்து 'எனக்கு உய்யும் வழி சொல்லுங்கள்' என்றார்.

'நான் அன்றே சொன்னேனே' என்று திலகவதியார் சொல்லவில்லை. 'நீ செய்த வினை' என்றும் சொல்லவில்லை. இது பெருமானின் திருவருள், எழுந்திரு என்றார். திருநீற்றை ஐந்தெழுத்தோதி அளித்தார். விடியுமுன், வழக்கம்போல் துடைப்பமும் சாணநீர்த் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டபோது தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். அன்றைய பணியை அவர் நிறுத்தவில்லை. நோயாளியை அந்தப் பணிக்குள் அழைத்துச் சென்றார்.

வீரட்டானேசுவரர் திருமுன் மருள்நீக்கியார் பாடிய முதற்பதிகத்தின் தொடக்கத்திலேயே தம் வினையைப் பற்றிப் பேசுகிறார். தாம் செய்த கொடுமைகள் பல இருக்கலாம், அவை எவையென்று தமக்குத் தெரியாது என்பது அதன் கருத்து. வினை நூல்களைக் கரைத்துக் குடித்த ஒருவர் 'தெரியாது' என்று சொல்லும் இடம் இது. எந்தச் செயலுக்கு எந்த வலி என்று கணக்குப் பார்க்க அவர் முற்படவில்லை. தெரியாததைத் தெரியாதென ஒப்புக்கொண்டு, இனிச் செய்யப்போவதைச் சொன்னார்: இரவும் பகலும் பெருமான் திருவடியை மறவாதிருத்தல். நோய் நீங்கிற்று. திருநாவுக்கரசர் என்னும் பெயர் வந்தது.

நாம் பெருமூச்சு விடும்போது கேட்கும் கேள்விக்கு நாவுக்கரசரே விடை தேடவில்லை என்பது ஓர் ஆறுதல் அன்றோ!

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாக வகுத்திருப்பது அன்பர்கள் அறிந்ததே. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்ற பெயர்கள் வடமொழியாக இருப்பதால் ஏதோ பெரிய தத்துவம் என்று தோன்றும். பழைய வீடுகளில் இருந்த நெற்குதிரை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். குதிருக்குள் இருக்கும் நெல் எத்தனை ஆண்டு விளைச்சலோ, எந்த வயலில் விளைந்ததோ, மேலேயிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. அது சஞ்சிதம். அதிலிருந்து அள்ளிக் குத்தி, உலையிலிட்டு, இன்று இலையில் விழுந்திருக்கும் சோறு பிராரத்தம். அதை உண்டே தீர வேண்டும். வெந்த சோற்றை மறுபடி நெல்லாக்க எவராலும் ஆகாது. இன்று நம் கை வயலில் தூவும் விதை ஆகாமியம்.

புலம்பலில் நாம் பேசுவதெல்லாம் குதிரைப் பற்றியும் இலையைப் பற்றியுமே. விதை தூவும் கை நம்முடையது என்பதை மறந்துவிடுகிறோம். அது எப்போது தூவப்படுகிறது என்பதில்தான் சித்தாந்தத்தின் நுட்பம் இருக்கிறது. இலையில் விழுந்த சோற்றை உண்ணும் அந்த நேரத்திலேயே, 'இது எனக்கு வேண்டும், இது வேண்டாம், இவனால் எனக்கு இது வந்தது' என்று மனம் துள்ளும்போதே ஆகாமியம் ஏறுகிறது. காலையில் எழும்போது முழங்கால் நோகிறது. அது பிராரத்தம், வரவேண்டியது வந்தது. அந்த நோவோடு சமையலறைப் பக்கம் பார்த்து, காப்பி தாமதமானதற்காக மருமகளை ஒரு கடுஞ்சொல் சொல்கிறோம். அது பிராரத்தம் இல்லை. முழங்கால் சொன்ன சொல்லும் இல்லை. நோவுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு நொடி இருந்தது. அந்த நொடி நம்முடையதாக இருந்தது.

முதுமையில் இனி என்ன மாறப்போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. வயலும் வேலையும் கை மாறிப் போயிருக்கலாம். அந்த ஒரு நொடி மட்டும் யாருக்கும் எந்த வயதிலும் கை மாறுவதில்லை. பொழுது நீண்டு கிடக்கும் முதுமையில் அது ஒரு நாளைக்குப் பலமுறை வந்து நிற்கும்.

இந்த நொடியைச் சிதம்பரத்தின் ஒரு தெருவில் கண்டுகொண்டவர் உமாபதி சிவாசாரியார். தில்லைவாழ் அந்தணர் மரபினர். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். பூசை முடித்துச் சிவிகையில் ஏறி, பகலிலேயே தீவட்டி முதலிய விருதுகள் சூழத் திரும்பிக்கொண்டிருந்தார். தெருவோரத்தில் இருந்த மறைஞான சம்பந்தர், பட்டுப்போன மரத்தின் மேல் பகலில் கண் தெரியாதவர் போவதாக எல்லார் காதிலும் விழும்படி சொன்னார் என்பது வழிவழி வந்த வரலாறு. சிவிகையை மரக்கட்டை என்றும் பகல் விளக்கைக் குருடு என்றும் இகழ்ந்த சொல்.

ஊரறிந்த பெரியவருக்கு நடுத்தெருவில் நேர்ந்த அவமதிப்பு. சினம் கொண்டிருந்தால் அது இயல்பென்றே உலகம் சொல்லியிருக்கும். உமாபதியார் அந்த நொடியில் சிவிகையிலிருந்து இறங்கினார். சொன்னவரின் பின்னே நடந்தார். நெசவாளர் தெருவில் மறைஞான சம்பந்தர் பாவுக்கு இடும் கஞ்சியை வாங்கி அருந்த, அவர் கையிலிருந்து வழிந்ததைத் தாம் ஏந்திப் பருகினார். அதனால் தம்மவரால் விலக்கப்பட்டுச் சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் தங்கினார். பூசை முறை போயிற்று, சிவிகையும் போயிற்று. சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் எட்டு அவர் வாயிலாக வந்தன. அவற்றுள் ஒன்றான சங்கற்ப நிராகரணத்தில் சகம் 1235, அதாவது கி.பி. 1313 என்னும் காலக் குறிப்பும் இருக்கிறது.

நூறு குறட்பாக்களால் அமைந்த அவருடைய திருவருட்பயனில், வினையைப் பற்றி இரண்டு செய்திகள் சுருக்கமாக வருகின்றன. நுகர்வதற்காக ஏற்றுக்கொண்ட வினை உடலோடு போய்விடும் என்பது ஒன்று. நடுவே வந்து ஏறும் புதிய வினையைத் திருவருளே சுட்டுவிடும் என்பது மற்றொன்று. அவமதிப்பைச் சினமாக்காமல் தெருவில் இறங்கி நின்ற ஒருவர் சொல்வதால், இதனை வெறும் ஏட்டுச் சொல்லாகக் கொள்ள முடியவில்லை.

இவருக்கு முந்திய தலைமுறைகளில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியார், இதே கடலூர்ப் பகுதியின் திருத்துறையூரைச் சேர்ந்தவர். சிவஞான சித்தியாரில் அவர் காட்டும் உவமை நோயுற்ற முதியவர் எவரும் நெஞ்சில் வைத்துக்கொள்ளத் தக்கது. மருத்துவர் சில நோயைக் கத்தியால் அறுத்துத் தீர்ப்பார். சில நோய்க்குச் சர்க்கரையும் பாலும் கலந்து கொடுத்துத் தீர்ப்பார். இறைவனும் இன்பத்தையும் துன்பத்தையும் ஊட்டி வினையைத் தீர்க்கிறான் என்பது அவர் கருத்து. வலி என்பது பகை கொண்ட ஒருவன் விதிக்கும் தண்டனை என்ற எண்ணம் இங்கே உதிர்ந்துவிடுகிறது. நாவுக்கரசரின் சூலையைப் பற்றியும் சேக்கிழார் இப்படித்தான் சொல்கிறார். முற்பிறவியில் முனிவராய்த் தவம் முயன்றவர் அவர். அத்தவத்தில் நேர்ந்த சிறு வழுவை நீக்கி ஆட்கொள்ளவே சூலை என்று பெருமான் திலகவதியாருக்குக் கனவில் உணர்த்தினார். நோயின் காரணத்தை நோயாளிக்குச் சொல்லாமல், அவருக்காக அழுதவருக்குச் சொன்னது எண்ணி வியக்கத்தக்கது.

வினையைக் காரணம் காட்டி மருந்தை ஒதுக்குவோர்க்கும் அந்த உவமையிலேயே விடை இருக்கிறது. மருத்துவரை இறைவனுக்கு உவமையாகச் சொன்னவர், மருத்துவரிடம் போகாதே என்று சொல்லியிருப்பாரா?

மற்றொன்றும் சொல்லித்தான் ஆக வேண்டும். பிறர் துன்பத்தை அளக்கும் கோலாக வினையைப் பயன்படுத்துவது நம்மிடையே உள்ள ஒரு கொடிய பழக்கம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையில் ஏறி அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. தேவனாம்பட்டினத்திலும் பிற குப்பங்களிலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் 'வினைப்பயன்' என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. வினைக் கொள்கை தன்னைத் திருத்திக்கொள்ள ஒருவர் தனக்கே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி. அதைப் பிறர் முகத்துக்கு நேரே நீட்டினால், நீட்டுபவர் குதிரில்தான் நெல் ஏறும். திலகவதியார் தம்பியிடம் என்ன சொன்னார், என்ன சொல்லவில்லை என்பதை மறுபடி நினைத்துப் பார்க்கலாம்.

சூலை தீர்ந்ததோடு நாவுக்கரசரின் துன்பம் தீர்ந்ததா என்றால், இல்லை. இன்னும் கடுமையான துன்பங்கள் அதன் பிறகே வந்தன. பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் ஏழு நாள் அடைத்தான். நஞ்சு கலந்த பாற்சோறு கொடுக்கச் செய்தான். யானையை ஏவினான். இறுதியில் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளச் சொன்னான். அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது வரலாற்று அறிஞர் பலரின் கருத்து. கோயிலுக்குப் போகத் தொடங்கினேன், துன்பம் குறையவில்லையே என்று மனம் சலிப்பவர்கள் இந்த வரிசையைப் பார்க்க வேண்டும். அவரிடம் மாறியது துன்பத்தின் அளவன்று. அதன் முன்னே நின்ற ஆள் மாறியிருந்தார். சூலை நோவில் படுக்கையில் புரண்டவர், நீற்றறையின் வெம்மைக்குள் இருந்துகொண்டு தண்ணிலவையும் தென்றலையும் உவமையாக்கிப் பாடுகிறார்.

கடலில் தள்ளப்பட்டபோது என்ன நிகழ்ந்தது? கட்டு அறுந்து, கல் அடியில் போய், அவர் மட்டும் மேலே வந்திருக்கலாம். கதையாக அதுவும் அழகாகவே இருக்கும். அப்படி நிகழவில்லை. கல்லே மிதந்தது. எது அவரை மூழ்கடிக்க வேண்டுமோ அதுவே தெப்பமாகி, அவரைத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் சேர்த்தது. அந்த இடத்துக்கு இன்றும் கரையேறவிட்ட குப்பம் என்றே பெயர். இந்நிகழ்ச்சியைப் பாடும்போது சேக்கிழார் ஓர் ஒப்புமை காட்டுகிறார். இருவினையாகிய கயிற்றால் மும்மலமாகிய கல்லோடு கட்டுண்டு பிறவிக்கடலில் விழும் மக்களையே கரையேற்றும் ஐந்தெழுத்து, இந்த உப்புக்கடலில் ஒரு கல்லின்மேல் நாவரசரை ஏற்றியது ஒரு வியப்பா என்று கேட்கிறார். கயிறு நல்வினை தீவினை இரண்டுமாம். அதாவது, நாம் ஒவ்வொருவரும் அந்தக் கல்லோடும் கயிற்றோடும்தான் பிரதோஷத்துக்கு வந்து நந்தியின் பின்னே நிற்கிறோம்.

சேக்கிழார் இதனைப் பாடியதும் தில்லையில்தான். இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், 1133-க்கும் 1150-க்கும் இடையில், கூத்தப்பெருமான் திருமுன் நின்று முதற்சொல்லை வானொலியாகப் பெற்று, ஆயிரக்கால் மண்டபத்தில் அமர்ந்து பாடி முடித்தார் என்பது மரபு. கடலூர்க் கடலில் மிதந்த கல்லைத் தில்லை மண்டபத்தில் இருந்தபடி அவர் கண்டார். கூத்தப்பெருமானின் ஐந்தொழிலில் மறைத்தல் என்று ஒன்று உண்டல்லவா? உயிருக்கு அதன் பழங்கணக்கைக் காட்டாமல் மறைத்து, நுகர்வதை நுகரச் செய்து பக்குவப்படுத்துவதும் அருளே என்பர். குதிருக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் இருப்பதும் ஒரு கருணை. எல்லாம் நினைவிருந்தால் எவரால் உறங்க முடியும்?

மாற்றம் நிலைப்பது எதனால் என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. ஒரு நாள் உருகி அழுது, மறு வாரம் பழைய சொல்லுக்கே திரும்பிவிடுவது மனித இயல்பு. விரதம் எடுத்து விடாதவர் யார்? நாவுக்கரசர் திருவதிகையில் அன்று பாடிய பதிகத்தோடு நின்றிருந்தால், நோய் தீர்ந்த ஒருவராகவே அவரை நாம் நினைவுகொண்டிருப்போம். அவர் கையில் உழவாரப் படையை எடுத்தார். கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் சிறு கருவி. மனத்தால் நினைந்து, வாயால் பாடி, கையால் செதுக்கி, மூன்றையும் ஒரே பணியில் கட்டிவைத்தார். தமக்கையார் கையில் இருந்த துடைப்பத்துக்குத் தம்பி கண்ட உடன்பிறப்பு அது. புல் நல்ல ஆசிரியன். இன்று செதுக்கினால் அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். ஒருமுறை செதுக்கி முடித்துவிட்டேன் என்று சொல்ல எவருக்கும் அது இடம் தருவதில்லை.

அவர் தில்லைக்கு வந்தபோது பாடியவற்றுள் ஒரு பாட்டின் கருத்து நம்மை நிறுத்திவிடும். பிறவியே வேண்டாம் என்பதுதான் ஞானியர் அனைவரின் வேண்டுதல். வினையிருந்தால் பிறவி, பிறவியிருந்தால் துன்பம். நாவுக்கரசரோ அம்பலத்தில் எடுத்த பொற்பாதத்தைக் காணக் கிடைக்குமானால் மனிதப் பிறவியும் இம்மாநிலத்தில் வேண்டத்தக்கதே என்றார். சூலையும் நீற்றறையும் நஞ்சும் கண்ட உடல் அது. அந்த உடலோடு நின்று, வினை தந்த பிறவியை அவர் நொந்துகொள்ளவில்லை.

அவர் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பர். இறுதிநாளில் திருப்புகலூரில் இருந்தார். அங்கும் உழவாரப் பணிதான். அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் நவமணிகளும் கிடந்து ஒளிவிடும்படி பெருமான் செய்தார். முதியவர் அவற்றைப் பருக்கைக் கல்லாகவே கண்டு, உழவாரத்தால் வாரி எடுத்துப் பக்கத்துக் குளத்தில் எறிந்துவிட்டுப் பணியைத் தொடர்ந்தார். பொன்னை ஓடாகவும் ஓட்டைப் பொன்னாகவும் காணும் அந்த நிலையைத்தான் சித்தாந்திகள் இருவினையொப்பு என்று பெரிய பெயரிட்டு அழைக்கிறார்கள். அது திருப்புகலூரில் திடீரென்று வந்ததன்று. எத்தனையோ ஊர்களின் எத்தனையோ முற்றங்களில் கல்லையும் முள்ளையும் அள்ளி எறிந்து பழகிய கை அது.

சித்திரைச் சதயம் அவருடைய குருபூசை நாள். திருவதிகையிலும் பாடலீசுவரர் கோயிலிலும் தில்லையிலும் மற்றைத் தலங்களிலும் அந்நாளில் அவர் திருவுருவைக் காண்பவர்கள், தோளில் சாய்ந்திருக்கும் உழவாரத்தை முதலில் பார்க்கலாம். உழவாரத் திருக்கூட்டத்தார் பணிக்கு வரும் நாள்களில் இளைஞர்கள் முற்றத்தில் புல் செதுக்குவார்கள். குனிய முடியாத முதியோர்கள் மண்டப நிழலில் கால் நீட்டி அமர்ந்து, திருவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவார்கள், திரி திரிப்பார்கள், பூத்தொடுப்பார்கள். திலகவதியார் செய்த பணிகளுள் அதுவும் ஒன்று. முழங்கால் அங்கும் நோகத்தான் செய்யும். கை நாரை முடிந்து அடுத்த பூவை எடுக்கும்.